கடலில் போட்ட துண்டு

தெற்கே புளியங்கிணறு என்று ஒரு ஊர் இருந்தது, இப்போதும் இருக்கிறது, அங்கே பஸ் எப்போது வரும் என்பது மட்டும்தான் அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அப்படி நினைத்த நேரத்துக்கு வருகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில் அந்த ஊரிலேயே, ஏன், அந்தத் தாலுகாவிலேயே கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர் ஆவுடையப்பன். ஜவுளிக்கடை ஒன்றில் துண்டு, வேட்டிப் பிரிவில் அவருக்கு வேலை. கடையில் இருக்கிற நேரமெல்லாம் துண்டு விற்றார், மிச்ச நேரமெல்லாம் துண்டு போட்டார். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே, அது ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றும்போதே கூட ஓடி, தோளில் கிடக்கிற துண்டை உருவி ஒரு வீசு வீசினாரென்றால் அது ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, வெயில் படாத பக்கமாய்ப் பார்த்து, மடிப்புக் கலையாமல் போய் விழும். அப்புறம் அவர் ஆற அமரப் படியேறி, அங்கே உட்காரலாமா என்று குனிகிற ஆளைப் பார்த்து, "ஆள் வருது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் பேசவேண்டி வந்ததே இல்லை.

நம் பக்கத்து ஜனங்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. போலீஸ்காரர் சொல்லியும் கேட்காதவன், பெற்ற தாய் அழுதும் கேட்காதவன், துண்டு கிடக்கிற சீட்டைப் பார்த்தால் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போய்விடுவான். எந்த ராஜா போட்ட சட்டமோ தெரியாது. சாலை விதி, சொத்து எல்லை, வரிசை என்று எதற்கும் கட்டுப்படாத நாம் அரை முழத் துணிக்குக் கட்டுப்படுகிறோம், அதில் கொஞ்சம் பெருமையும் படுகிறோம்.

ஆவுடையப்பன் பஸ்ஸோடு நிற்கவில்லை. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் துண்டு போட்டார், டாக்டர் வீட்டு பெஞ்சில் போட்டார், தேர் பார்க்க மாடிச் சுவரில் போட்டார், பங்காளி ஒருவரைத் தகனம் செய்யப் போன இடத்தில்கூட நிழலாகப் பார்த்து ஒன்றைப் போட்டுவைத்தார். எல்லாம் அடுத்தவருக்குத்தான். கடை மேனேஜருக்கு, சம்பந்திக்கு, சம்பந்தியின் தங்கைக்கு, தங்கையின் வீட்டுக்காரருக்கு. எல்லோரையும் உட்கார வைத்த பிறகு ஒரு இடம் குறையும், அது எப்போதுமே குறையும், அப்போது அவர் தன் மனைவி செண்பகத்தைப் பார்த்து, "நீ நம்ம ஆளுதான, கொஞ்சம் நின்னுக்கோ" என்பார். செண்பகம் இடுப்பில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "நின்னா காலு என்ன தேஞ்சா போவும்" என்று ஒருமுறை சொன்னாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வருஷா வருஷம் காணும் பொங்கலன்று அந்த ஊர் ஜனம் முழுக்க பூவந்துறைக் கடற்கரைக்குப் போகும். அங்கே நுழைவுச்சீட்டு கிடையாது, கதவு கிடையாது, காவல் கிடையாது, எவரும் எப்போதும் எவ்வளவு நேரமும் இருக்கலாம். ஓசி என்பதாலேயே நம்மவர்களுக்கு அந்தக் கடல்மேல் ஒரு சந்தேகம் உண்டு, சும்மா கிடைக்கிற ஒன்றை வேறு யாராவது முந்திக்கொண்டு விடுவார்களோ என்று. ஆகவே விடிவதற்கு முன்னாலேயே புளியோதரையும் தேங்காய்ச் சோறும் துவையலும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதைக் கட்டுவது செண்பகம், கிளம்புவது மற்றவர்கள்.

அந்த வருஷமும் அப்படித்தான். ஆவுடையப்பன், செண்பகம், மகன் பலவேசம், சம்பந்தி வீட்டார், மேனேஜர் வீட்டார் எல்லோரும் போய் இறங்கினார்கள். அவர் ஓடிப்போய் உடைமர நிழலில் ஒரு துண்டைப் போட்டார், அதன்மேல் ஜமுக்காளம் விரித்தார், பைகளையும் தூக்குச்சட்டிகளையும் எல்லோருடைய செருப்புகளையும், அவற்றுக்கு நடுவில் செண்பகத்தையும் வைத்துவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு கடலைப் பார்க்கப் போனார்.

கடலில் தண்ணீரைவிட ஜனம் அதிகமாக இருந்தது. இருந்தாலும் அவருடைய கண் தேர்ந்த கண். இரண்டு பாறைகளுக்கு நடுவே, சிப்பி குத்தாத மணலில், முழங்கால் ஆழத் தண்ணீரில், ஒரு ஆள் சுகமாக உட்கார்ந்து அலை வாங்குகிற அளவுக்கு ஒரு இடம் காலியாகக் கிடந்ததை அவர் பார்த்துவிட்டார். அதே நேரம் லாரி டியூபும் பிள்ளைகுட்டியுமாக ஒரு குடும்பம் அந்தப் பக்கம் போவதையும் பார்த்தார். யோசிக்க நேரமில்லை. கை தன்னால் தோளுக்குப் போனது. சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு கடல் காற்றை எதிர்த்துப் பறந்து, அந்த இரண்டு பாறைகளுக்கு நடுவே, மடிப்புக் கலையாமல் தண்ணீர்மேல் விழுந்தது. "ஆள் வருது!" என்று அவர் கத்தினார்.

துண்டு நனையவில்லை. நகரவும் இல்லை. வந்துகொண்டிருந்த அலை துண்டைக் கண்டதும் ஒரு நிமிஷம் தயங்கி நின்றது, பிறகு, நம் ஆட்கள் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போவதைப் போலவே, இரண்டாகப் பிரிந்து பாறைகளுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் போய்விட்டது. பின்னால் வந்த அலையும் அப்படியே செய்தது. துண்டுக்குக் கீழே ஒரு ஆள் உட்காருகிற அளவுத் தண்ணீர் நிறைகுடத்துத் தண்ணீராக அசையாமல் நின்றது.

டியூப் வைத்திருந்த குடும்பத் தலைவர் அதைப் பார்த்தார், முகம் சுருங்கியது, திரும்பித் தன் மனைவியிடம், "அப்பமே சொன்னேன்லா, நீ தலை சீவி முடிக்கதுக்குள்ள எவனாவது எடம் போட்டுருவான்னு" என்று கடிந்துகொண்டு வேறு இடம் தேடிப் போனார். மற்றவர்களுக்கும் கடல் ஒதுங்கியது ஒரு விஷயமாகப் படவில்லை. துண்டு போட்டால் ஒதுங்கத்தான் வேண்டும். எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "யாருக்கு?"

மேனேஜருக்குத்தான் என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார். மேனேஜர் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, பெரிய மனசோடு போய் அந்த இடத்தில் உட்காரக் குனிந்தார். தண்ணீர் அவரைக் கக்கத்தில் கைகொடுத்து மரியாதையாகத் தூக்கி, கொண்டுபோய் மணலில் வைத்தது. அடுத்து சம்பந்தி போனார். அவரையும் தூக்கிவைத்தது, வேட்டியை மட்டும் கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கொடுத்தது. கூட்டம் சிரித்ததும் ஆவுடையப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. துண்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தானே இறங்கினார். போட்டவர் என்பதற்காகக் கடல் அவருக்குச் சலுகை ஒன்றும் காட்டவில்லை. அவரைத் தலைகுப்புறக் கொண்டுவந்து டியூப் குடும்பத்தின் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் போட்டது.

"ஆள் வருதுன்னு சொல்லிட்டியள்லா, இனி ஆள் வந்தாத்தான் துண்டு எழும்பும்" என்றாள் அங்கே பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த லூர்தம்மாள்.

கடைசி பஸ் வந்துவிட்டது. துண்டைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

தை போய் மாசி வந்தது, துண்டு அங்கேயே கிடந்தது. சாயம் போகவில்லை, நூல் பிரியவில்லை. பூவந்துறை மீனவர்கள் கட்டுமரத்தைத் துண்டுக்கு வடக்கே, துண்டுக்குத் தெற்கே என்று சொல்லி விடப் பழகிக்கொண்டார்கள். பஸ் கண்டக்டர்கள் "துண்டு ஸ்டாப்பெல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார்கள். கல்யாணமான ஜோடிகள் வந்து அதைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தாங்களும் இடம் போடலாம் என்று ஆசைப்பட்ட ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்து கடலில் துண்டு வீசினார்கள்; கடல் அவற்றையெல்லாம் வாங்கி, நன்றாகப் பிழிந்து, முறுக்கிக் கரையில் போட்டது. அந்த வருஷம் பூவந்துறையில் எந்த வீட்டிலும் கரித்துணிக்குப் பஞ்சம் இல்லை.

புளியங்கிணற்று டீக்கடைகளில் இது எப்படி நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை, இது சட்டப்படி செல்லுமா என்றுதான் வாதம் நடந்தது. துண்டுக்கு மரியாதை பஸ் கிளம்புகிற வரைக்கும்தான், கிளம்பின பிறகும் ஆள் வரவில்லை என்றால் எடுத்துப் போட்டுவிட்டு உட்காரலாம் என்றார் ஒருவர்.

"சரி, கடல் எப்பம் கெளம்பும்?" என்று இன்னொருவர் கேட்டார்.

"அது கெளம்புனா கேக்கதுக்கு நாம இருக்க மாட்டோம்."

எல்லோரும் இன்னொரு டீ சொன்னார்கள்.

வரப்போகிறவர் யார் என்பதில்தான் ஜனங்களுக்குத் தீராத ஆவல். கடலையே காக்க வைக்கிறவர் லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியாது என்று பேசிக்கொண்டார்கள். ஆவுடையப்பனிடம் கேட்டபோது அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, "வரவேண்டிய ஆள் வருவாவ" என்றார், ஏனென்றால் யாரும் வரவில்லை, சும்மா வாய்ப் பழக்கத்தில் சொன்னேன் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைக் கேட்டுவிட்டுத் தாங்கள்தான் அந்த ஆள் என்று நம்பியவர்கள் வரிசையாக வந்தார்கள். மேளதாளத்தோடு ஒரு கட்சிக்காரர் வந்தார், கடலிலிருந்து மாலை ஒரு பக்கமாகக் கரை திரும்பியது, அவர் வேறு பக்கமாகத் திரும்பினார். ஒரு சாமியார் வந்து, கடல் தூக்கிப் போட்ட பிறகு, தான் அதைச் சோதித்துப் பார்க்கவே வந்ததாகச் சொன்னார். மலையேறிப் பேர் வாங்கியவர் வந்தார், பாட்டுக்குப் பரிசு வாங்கியவர் வந்தார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஐந்து வருஷத்துக்கு முன் தனக்கு நடந்த பாராட்டு விழாவின் பொன்னாடையோடு வந்தார். கடல் ஒருவரிடமும் கோபப்படவில்லை. எல்லோரையும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி மணலில் வைத்துவிட்டு, மறுபடி துண்டைச் சுற்றிக்கொண்டு போனது.

பங்குனியும் சித்திரையும் போய், வைகாசியும் நெருங்கியபோது ஜனங்களுடைய பேச்சு மாறிவிட்டது. வராத ஆளுக்குத் துண்டு போட்டவர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அது பஸ்ஸுக்குள்ளேயும் வந்தது. பஸ்களில் துண்டு கிடந்தால், "என்ன, பூவந்துறை துண்டா?" என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எந்த ராஜாவும் போடாமலே இத்தனை காலமாக நின்ற சட்டம் ஒன்று சரிந்தது. பஸ் ஸ்டாண்டில் கைகலப்பு ஆனது, பந்தியில் இலை கிழிந்தது. கடையில் துண்டு வாங்க வருகிறவர்கள், "இடம் நிக்குமா?" என்று கேட்டு, ஆவுடையப்பனைக் கண்டதும் வேண்டாம் என்று போனார்கள். கடைசியில் ஒருநாள், அவரே ஜன்னல் வழியாகப் போட்ட துண்டை ஒரு பையன் எடுத்து, நன்றாக மடித்து அவர் கையிலேயே கொடுத்து, "ஒங்க ஆள் வரமாட்டாவன்னு ஊருக்கே தெரியும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அதில் கேலிகூட இல்லை, அதுதான் அவரை அறுத்தது. மடித்த துண்டைக் கையில் பிடித்தபடியே அவர் ஊர் வரும்வரை நின்றுகொண்டு வந்தார். செண்பகம் வழக்கம்போலப் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தாள்.

ஆனி மாதத்தில் பூவந்துறையிலிருந்து மிக்கேல் என்ற மீனவர் கடைக்கே வந்துவிட்டார். ஊர்க் கமிட்டியில் பெரியவர், அதிகம் பேசாதவர்.

"அண்ணாச்சி, ஆள் எப்பம் வாராவ?"

ஆவுடையப்பன் மோவாயைத் தடவினார்.

"ஏன்னா, ஒங்க எடத்துக்கு வரவேண்டிய அலையெல்லாம் ரெண்டு பக்கமா பிரிஞ்சி போயி ஒரே எடத்துல அடிக்கி. வடக்க மீன் ஏலக்கூடத்துத் தூணு வரைக்கும் மண்ணு போச்சி. தெக்க லூர்தம்மா கொட்டகை இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கி. ஆடிக் காத்து தொடங்கிட்டுன்னா ரெண்டும் இருக்காது. நாங்க கடல்ட்ட பேசிப் பாத்தோம். அது கேக்க மாட்டேங்கு. அதுக்கு ஒங்க வார்த்த மேல அம்புட்டு நம்பிக்க."

தன் வார்த்தையை இந்த உலகத்தில் யாராவது இப்படி நம்புவார்கள் என்று ஆவுடையப்பன் எதிர்பார்த்ததே இல்லை. ஊரே சிரித்தபோது வராத பயம் அப்போதுதான் அவருக்கு வந்தது. ஆடிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து முடித்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். எப்படி முடிப்பது என்று தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை செண்பகம் வழக்கம்போலச் சோறு கட்டினாள். வழக்கம்போல உடைமரத்தடியில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். விஷயம் கேள்விப்பட்டு மேனேஜர் உட்பட நாலு ஊர் ஜனம் கடற்கரையில் கூடியிருந்தது. ஆவுடையப்பன் முதலில் மகன் பலவேசத்தை இறக்கிப் பார்த்தார். கடல் அவனைத் தூக்கி வைத்தது, அவன் செல்போனைக்கூட நனைக்கவில்லை. பிறகு சம்பந்தியின் வீட்டில் மீதமிருந்தவர்களை ஒவ்வொருவராக இறக்கினார். எல்லோரும் திரும்பி வந்தார்கள். கடைசியில் தானே முழங்கால் தண்ணீரில் நின்று, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "தாயே, நான் சொன்னது பொய். யாரும் வரல. எடத்த விட்டுரு" என்று கைகூப்பினார்.

கடல் அதை நம்பவில்லை. அவர் முதலில் சொன்னதைத்தான் அது நம்பியது. ஒரு அலை வந்து அவரை எடுத்துக்கொண்டு போய், இந்த முறை கொஞ்சம் தூரமாகவே, மணலில் உருட்டிவிட்டது.

உடம்பெல்லாம் மண்ணோடு அவர் உடைமரத்தடிக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தார். கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டுமே, பக்கத்தில் செண்பகம்தான் இருந்தாள். காபி கொண்டா, கண்ணாடியை எடு, குடையைப் பிடி என்று இத்தனை காலமும் எந்தக் குரலில் அவளை ஏவினாரோ அதே குரலில் சொன்னார்:

"சும்மா உக்காந்துதான இருக்க. போயி அந்தத் துண்ட எடுத்துட்டு வா, வீட்டப் பாத்துப் போவோம்."

"பைய யாரு பாப்பா?" என்றாள் செண்பகம். எத்தனையோ வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் பாத்துக்கிடுதேன், போ."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டாள். போனாள்.

பை பார்ப்பது லேசான வேலை என்றுதான் ஆவுடையப்பன் நினைத்திருந்தார். அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஒரு நாய் தேங்காய்ச் சோற்றை மோந்து பார்த்தது. அதை விரட்டி உட்கார்ந்தால் காக்கை வந்தது. காக்கையை விரட்டினால் நிழல் நகர்ந்திருந்தது, எல்லாவற்றையும் நிழலோடு சேர்த்து நகர்த்த வேண்டியிருந்தது, நகர்த்தி முடிக்குமுன் சம்பந்தியம்மாள் வந்து தன் செருப்பைக் கேட்டாள், யாருடைய பிள்ளையோ தண்ணீர் கேட்டது. அப்போதுதான் கடல் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சத்தம் எழுந்தது.

"ஆள் வந்தாச்சு! ஆள் வந்தாச்சு!"

ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். யார் என்று பார்க்க முடியவில்லை. எதிரே ஒரு மணல்மேடு, மேட்டின்மேல் கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள், அதற்கு மேல் ஆகாயம். எக்கிப் பார்த்தார், கல்லின்மேல் ஏறிப் பார்த்தார். வருஷா வருஷம் தான் ஓடிவந்து துண்டு போட்டுப் பிடித்துக்கொடுத்த அந்த நிழலிலிருந்து பார்த்தால் கடல் தெரியவே தெரியாது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்யாணம் ஆன நாள் முதல் செண்பகம் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தாள், ஆனால் கடலைப் பார்த்ததில்லை.

ஆனாலும் வந்த ஆள் யார் என்று தெரியாமல் எப்படி இருப்பது. பையை விட்டுவிட்டும் போகமுடியாது. ஓடுகிறவர்களையெல்லாம் "யாரு வந்திருக்கா? கலெக்டரா?" என்று கேட்டார். யாரும் நிற்கவில்லை. லூர்தம்மாள்தான் கிழங்குக் கூடையோடு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"கலெக்டரா? ஒங்க வீட்டம்மாதான்யா!"

எல்லாப் பைகளையும் தோளில் மாட்டி, தூக்குச்சட்டிகளைக் கையில் கோத்து, செருப்புகளை ஜமுக்காளத்தில் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆவுடையப்பன் மணல்மேட்டின்மேல் ஏறினார்.

இரண்டு பாறைகளுக்கு நடுவில் செண்பகம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். துண்டு அவள் தலையில் முக்காடாகக் கிடந்தது. கடல் இத்தனை மாதமாகப் பிரித்து அனுப்பிய அலைகளையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாக அவள் மடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு அலையையும் கையால் அடித்தாள், அடித்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததால் பழக்கமானதைச் செய்தார்.

"செண்பகம், நேரமாச்சு!" என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பையப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

பார்த்துக்கொண்டார். வெயில் சாயும்வரை பார்த்துக்கொண்டார். போதும் என்று தோன்றியபோது அவள் எழுந்தாள், யாரும் கக்கத்தில் கை கொடுக்கவில்லை, அவளே எழுந்தாள். எழுந்ததும் கடல் அந்த இடத்துக்குள் சாதாரணமாக வந்து நிறைந்துகொண்டது. லூர்தம்மாளின் கொட்டகை நின்றது. மிக்கேல் தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

கடைசி பஸ் வந்தபோது ஆவுடையப்பனால் ஓட முடியவில்லை. ஓடினாலும் போடத் துண்டில்லை, துண்டு செண்பகத்திடம் இருந்தது. இரண்டு தோளிலும் பையும் இரண்டு கையிலும் தூக்குச்சட்டியுமாக அவர் இடிபட்டு ஏறுவதற்குள் பஸ் நிறைந்துவிட்டது. மேனேஜர் நின்றார், சம்பந்தி நின்றார். செண்பகத்துக்கு மட்டும் ஜனங்கள் வழிவிட்டு ஜன்னலோரம் இடம் கொடுத்திருந்தார்கள். ஈரச்சேலையும் அவிழ்ந்த கொண்டையுமாக அவள் வெளியே தெரிகிற கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் அந்தச் சிவப்புக் கரைத் துண்டு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பூவந்துறை துண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. நரைத்த மீசைக்காரர் ஒருவர் அதன் பக்கத்தில் வந்து, பழைய நாட்களின் மரியாதையோடு குனிந்து விசாரித்தார்.

"யாரும் வாராவளா தாயி?"

"ஆள் வருது" என்றாள் செண்பகம்.

"பெரிய ஆளோ?"

"இல்ல, நம்ம ஆளுதான்."

மீசைக்காரர் சிரித்துக்கொண்டு நகர்ந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பியது, கிளம்பின பிறகும் அந்தச் சீட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரப்போகிற ஆள் யார் என்று தெரியாதவர் அந்த பஸ்ஸிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் இரண்டு தோளிலும் பைகளோடு, கழுத்தை நீட்டிப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.